மண்டகள்ளியில் இன்னொரு திறப்பு விழா

ஒரு மகாராஜாவுக்கு என்னவெல்லாம் வேண்டும்? அரண்மனை, யானை, தசராவுக்கு 750 கிலோ தங்க அம்பாரி, சொந்தமாக ஒரு சலூன் ரயில் பெட்டி. மைசூர் உடையார்களிடம் அத்தனையும் இருந்தன. 1940களில் லிஸ்ட்டில் டிக் அடிக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஏரோப்ளேன் இறங்க ஓர் இடம்!

சும்மாவா? 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலை கட்ட இடம் தேடியபோது, பெங்களூரில் நிலமும் கொடுத்து, பங்குப் பணமும் போட்டது மைசூர் சமஸ்தானம்தான். விமானமே செய்கிற ராஜ்யத்தின் தலைநகரில் ஓர் ஓடுபாதை இல்லையென்றால் மானம் என்னாவது? நஞ்சன்கூடு சாலையில், மண்டகள்ளி கிராமத்து விளைநிலம் ஏர்ஸ்ட்ரிப் ஆனது. எல்லாம் தயார். பயணிகளைத்தான் காணோம்!

சமஸ்தானம் போனது, சில ஆண்டுகளில் விமானமும் போனது. ஓடுபாதை மட்டும் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தது.

மண்டகள்ளி தனியாக வருத்தப்பட வேண்டியதில்லை. ‘ஜப்பான்காரன் வருகிறான்’ என்ற பயத்தில் வெள்ளைக்காரர்கள் நம் பக்கமும் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று இஷ்டத்துக்கு ஏர்ஸ்ட்ரிப் போட்டார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. சோழவரத்துக்கு வந்தது ரேஸ் கார்! விமானம் மறந்துபோன அந்த ஓடுபாதையில் 1980களின் தொடக்கத்தில் ஃபார்முலா ஒன் காரையே ஓட்டிக் காட்டினார் ஓர் இளம் பணக்காரர். பெயர் விஜய் மல்லையா. கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அதே 80களில் மண்டகள்ளிக்கும் ஆசை துளிர்த்தது. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விட்ட அரசு நிறுவனமான வாயுதூத், மைசூர்–பெங்களூர் சர்வீஸ் தொடங்கியது. நோகாமல் ரயிலில் போய் இறங்கிக்கொண்டிருந்த மைசூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ரசித்தார்கள், மறுபடி ஸ்டேஷனுக்கே போனார்கள். சர்வீஸ் க்ளோஸ்!

பிறகு 2010. புது டெர்மினல், புது ஓடுபாதை, எடியூரப்பா ஆட்சியில் மே மாதம் தடபுடலாகத் திறப்பு விழா. மைக் வந்தது, மாலை வந்தது, மந்திரிகள் வந்தார்கள். வழக்கமான விமான சர்வீஸ்? அது சாவகாசமாக அக்டோபரில்தான் வந்தது. கல்யாணம் முடிந்து ஐந்தாவது மாதம் மாப்பிள்ளை வந்த கதை!

மாப்பிள்ளையை அனுப்பியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? நம்ம மல்லையாவேதான்! காலி ஓடுபாதையில் கார் விட்டவர், இப்போது காலி ஓடுபாதைக்கு கிங்ஃபிஷர் விமானம் விட்டார். மைசூரிலிருந்து எங்கே? லண்டன்? துபாய்? சுமார் 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு!

அதிலும் ஒரு கூத்து. பெங்களூர் விமான நிலையம் 2008-லேயே ஊரைத் தாண்டி தேவனஹள்ளிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மைசூரில் செக்–இன், செக்யூரிட்டி எல்லாம் முடித்து, பறந்து, இறங்கி, டாக்ஸி பிடித்து, ஹெப்பாள் டிராஃபிக்கில் நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ரயிலில் கிளம்பிய உங்கள் மச்சான் அதற்குள் மெஜஸ்டிக்கில் இறங்கி, மசால் தோசை முடித்து, காபி ஆற்றிக்கொண்டிருப்பார்! 2011 நவம்பரில் கிங்ஃபிஷர் மூட்டை கட்டியது. அடுத்த வருடம் கம்பெனியே தரையிறங்கிவிட்டது.

அப்புறம் 2017-ல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் வந்து சென்னைக்குப் பறந்தது. பெங்களூரைவிடத் தூரமான ஊருக்கு விமானம் விடலாமே என்று தோன்றியிருக்கிறது, பரவாயில்லை.

இன்றைய கவலை வேறு. ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர். ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானத்துக்குப் போதும், பெரிய ஜெட்டுக்குப் போதாது. ‘நீட்டிவிட வேண்டியதுதானே?’ என்பீர்கள். நீட்டலாம், குறுக்கே இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் நஞ்சன்கூடு நெடுஞ்சாலை, இன்னொருவர் சாமராஜநகர் ரயில் பாதை. ஓடுபாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டி சாலையை விடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

பெங்களூர்ப் பாதையில் பயணிகளை அள்ளிக்கொண்டு போனதும் ஒரு ரோடும் ஒரு ரயிலும்தான். அவற்றின் பங்காளிகளோ இங்கே நிலத்தையும் விடமாட்டேன் என்கிறார்கள்!