ரீஸ்டார்ட் கட்சியும் நானும்

கணினியில் எது நின்றாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்பவர்கள் ஒரு கட்சி. எங்கள் வீட்டில் அந்தக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை. மனைவி தலைவி, மகள் கொள்கை பரப்புச் செயலாளர், ஊரிலிருந்து வரும் நாட்களில் மாமனார் நட்சத்திரப் பேச்சாளர். எதிர்க்கட்சியில் நான் ஒருவன்தான். அதிலும் நான் லினக்ஸ் வைத்திருப்பவன் என்பதால், கட்சி அங்கீகாரமே ரத்தாகிவிட்டது என்பது மகளின் கருத்து.

ரீஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்பதற்கு என் தரப்பில் நியாயங்கள் உண்டு. பாதி நிரப்பிய வருமான வரிப் படிவம் ஒரு பக்கம் திறந்திருக்கும். படிக்க வேண்டும் என்று எடுத்து வைத்து, படிக்காமலே பழகிப்போன கட்டுரைகள் இன்னொரு பக்கம். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. 'அப்டைம்' என்று டெர்மினலில் அடித்தால், கணினி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று சொல்லும். லினக்ஸ்காரர்களுக்கு அந்த எண் ஒரு பட்டம். பழைய கெர்னல்களில் அந்தக் கணக்கை வைத்திருந்த 32 பிட் எண், நொடிக்கு 100 என்று ஏறிக்கொண்டே போய் 497 நாளில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். ஒன்றரை வருஷம் அணையாமல் ஓட்டியவனுக்குக் கிடைக்கும் பரிசு, நேற்றுதான் ஆன் செய்தாய் என்ற அறிவிப்பு. எங்கள் தெருவில் கரண்ட் போகிற அழகுக்கு அந்தக் கவலை எனக்கு வந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவகோட்டையிலிருந்து சித்தி வீடியோவில் அழைத்தார். படம் வந்தது. சத்தம் வரவில்லை. நாங்கள் பேசுவது மட்டும் அங்கே கேட்டது. மைக்குக்கு ஒரு வழி, ஸ்பீக்கருக்கு வேறு வழி, ஒன்று அடைத்தால் இன்னொன்று அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி திரையைப் பார்த்து, "சரிங்க அத்தை, ஆமாங்க அத்தை" என்று மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது தலையாட்டுவது நல்ல பழக்கம்தான். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

"என்னங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"பத்து நிமிஷம் குடு."

முதலில் திறந்தது பாவுகண்ட்ரோல். பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற நீளமான பேரின் சுருக்கம் அது. லினக்ஸில் சத்தம் போனால் நான் முதலில் போய் நிற்கிற வாசல் இதுதான். அதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பட்டை ஆடும். பட்டை ஆடவில்லை என்றால் கோளாறு பிரவுசரில், அல்லது அழைப்பில். ஆடினால் சத்தம் பிறந்துவிட்டது, போகிற வழியில்தான் எங்கோ தொலைகிறது. சித்தியின் பட்டை ஆடியது. ஆடியது மட்டுமா, கடைசிவரை போய் முட்டி முட்டித் திரும்பியது. என்ன சொல்கிறார் என்று தெரியாவிட்டாலும் என்ன மனநிலையில் சொல்கிறார் என்று பட்டையைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்தது.

போகிற வழி என்றேன். அது கொஞ்சம் நீளம். 1990களில் லினக்ஸுக்குச் சத்தம் கொடுத்தது ஓஎஸ்எஸ். ஃபின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் எழுதியது. லினஸ் டோர்வால்ட்ஸும் அந்த ஊர்க்காரர்தான். தன் கெர்னலின் பேரை எப்படி உச்சரிப்பது என்று அவர் தன் குரலிலேயே பதிந்து கொடுத்த ஒரு சின்ன ஒலிக்கோப்பு அந்தக் காலத்தில் சுற்றி வந்தது. அதைக் கேட்க வேண்டுமானாலும் முதலில் சவுண்டு கார்டு வேலை செய்ய வேண்டும். ஓஎஸ்எஸ் காலத்தில் பல கார்டுகளில் ஒரு நேரத்துக்கு ஒரு நிரல்தான் சத்தம் போடலாம், மற்றவை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் கூட்டம் சேரும் நாட்களில் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கம் உண்டு.

பிறகு செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய ஆல்சா வந்தது. 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலில் அதுதான் முதல் மரியாதை பெற்றது. அதன் தலைமேல் ஜெர்மனியின் லென்னார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ ஏறி உட்கார்ந்தது. 2007இல் ஃபெடோரா 8, 2008இல் உபுண்டு 8.04 என்று லினக்ஸ் வகைகள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. அந்த இரண்டு வருஷமும் உலகத்து லினக்ஸ்காரர்கள் அவரைத் திட்டிய திட்டுக்குக் கணக்கில்லை. அவர் மேல் முழுக் குற்றமும் இல்லை. கீழே டிரைவர்களில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த கோளாறுகளை எழுப்பிவிட்டது பல்ஸ்ஆடியோ. எழுப்பியவனுக்குத்தானே அடி விழும்.

இப்போது ஆட்சியில் இருப்பது பைப்வயர். பெல்ஜியத்துக்காரர் விம் டேமன்ஸ் முதலில் வீடியோவுக்காகத் தொடங்கியது. 2021இல் ஃபெடோரா 34 ஒலியையும் அதன் கையில் கொடுத்தது, அடுத்த வருஷம் உபுண்டு 22.10. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பைப்வயரின் பணிவு. பழைய நிரல்கள் வந்து "பல்ஸ்ஆடியோ ஐயா இருக்காரா?" என்று கேட்டால், "நான்தான் சொல்லுங்க" என்று இதுவே பதில் சொல்லும். சர்வரின் பேர் கேட்டாலும் பல்ஸ்ஆடியோ என்று சொல்லி, பைப்வயர் மேல் என்று ஓரமாக ஒட்டிக்கொள்ளும். ஆல்சா எங்கேயும் போகவில்லை. கார்டைத் தொடும் உண்மையான வேலையை அடியில் இன்றும் அதுதான் செய்கிறது.

அதனால் அடுத்து ஆல்சாமிக்சரையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். ஆல்சாமிக்சரில் சேனலுக்குக் கீழே இரண்டு பூஜ்யம் போலத் தெரிந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம், எம்.எம். என்று இருந்தால் மூடியிருக்கிறது. பூஜ்யத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைத் திருப்திப்படுத்த, எம். பொத்தானை ஒருமுறை தட்டி நன்றாக இருந்ததையும் மூடிவிடலாம். நம்மிடம் எல்லாம் பூஜ்யம், அதாவது எல்லாம் சரி.

இனி பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பட்டையில் ஆடுகிற சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது? பாவுகண்ட்ரோலில் அதைக் காட்டும் தாவலை அழுத்தக் கை எடுத்த நேரத்தில், "கொத்தமல்லி இல்லை, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க" என்று ஆணை வந்தது. அது சதி என்று அப்போது தெரியவில்லை.

திரும்பி வந்தபோது திரையில் லாகின் பக்கம். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிப் படிவம், கட்டுரைகள், அப்டைம் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. "இப்ப பாருங்கப்பா" என்று ஒரு பாட்டைப் போட்டாள். படம் ஓடியது, பாடகர் வாயைத் திறந்தார், மூடினார். சத்தம் இல்லை. அந்த நிசப்தம் போல இனிமையான இசையை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

ரீஸ்டார்ட்டுக்கும் மசியாததற்குக் காரணம் இருக்கிறது. பைப்வயருக்கு வயர்பிளம்பர் என்று ஒரு உதவியாளர் உண்டு. எந்தச் சத்தம் எந்தக் கருவிக்கு என்று முடிவு செய்வது அது. நீங்கள் ஒருமுறை ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தால், அதை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். டிஸ்கில் எழுதியது அணைத்து ஏற்றினால் அழியுமா? ஆட்சி மாறினாலும் ஃபைல் அதே ஃபைல்.

தாவலைத் திறந்தேன். சத்தம் எல்லாம் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. பின்பக்கம் ஒரு ஹெட்போன் ஓட்டை மட்டும் உண்டு. ஆனாலும் கேபிள் வழியாக அது கணினியிடம், "எனக்கு ஒலியும் வரும்" என்று சொல்லிவிடும். ஓட்டையில் ஹெட்போன் செருகியிருக்கிறதா இல்லையா என்பது கணினிக்குத் தெரியாது. முந்தின நாள் ராத்திரி ஹெட்போனை மானிட்டரில் செருகி, செட்டிங்ஸில் அதையே தேர்ந்தெடுத்து, படம் பார்த்து முடித்து, ஹெட்போனை மட்டும் உருவிக்கொண்டு போனவர் யார் என்று நான் கேட்கவில்லை. கொள்கை பரப்புச் செயலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் கருவிகள் எண்ணோடு வரிசையாக வரும், நட்சத்திரம் போட்டிருப்பதுதான் நடப்பு முதல்வர். நமக்கு வேண்டிய ஸ்பீக்கரின் எண்ணைப் பார்த்து 'செட்-டிஃபால்ட்' கொடுத்தேன். வீடே அதிரப் பாட்டு வந்தது. அந்த எண்ணை டைரியில் குறித்து வைக்காதீர்கள், அடுத்த முறை வேறு எண் வரும். மவுஸில் செய்ய விரும்புகிறவர்கள் செட்டிங்ஸிலேயே மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

சித்தி மறுபடி அழைத்தார். இந்த முறை கணீரென்று கேட்டது. "அப்போ பேரன் காதுகுத்துக்கு போட்டோகிராபர் செலவு உங்களோடது. உன் பொண்டாட்டி ரெண்டு தடவை தலையாட்டிட்டா." சத்தத்தை அரை மணி கழித்துச் சரி செய்திருக்கலாமோ என்று தோன்றியது.

வேறு விதமாகவும் சத்தம் போகும். கணினி தூங்கி எழுந்ததும் போகும். கருவிகள் பட்டியலில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் நிற்கும். டிமிடிட்டி என்ற மிடி வாசிப்பான் பின்னணியில் உட்கார்ந்து கார்டை யாருக்கும் விடாமல் பிடித்துக்கொண்டதால் டம்மி வந்த கதைகள் டெபியன், உபுண்டு வட்டாரத்தில் பிரசித்தம். 'ஃப்யூசர்' கட்டளை, பிடித்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். புளூடூத்தில் மைக்கை ஆன் செய்ததும் பாட்டு பழைய டெலிபோனில் கேட்பது மாதிரி ஆனால், அது கோளாறு இல்லை, ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறியிருக்கிறது. மைக்கை விட்டால் தானே தெளியும்.

எதுவும் புரியாவிட்டாலும் மெஷினை அணைக்க வேண்டாம். ஒலியைப் பார்த்துக்கொள்ளும் மூன்று பேரை மட்டும் எழுப்பிவிட்டால் போதும்: 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் 'யூசர்' என்ற கொடியோடு 'ரீஸ்டார்ட்' கொடுத்து, பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் என்று பேர்களைச் சொல்லுங்கள். இரண்டு நொடி வேலை, திறந்த படிவம் திறந்தபடியே இருக்கும். தயவுசெய்து முன்னால் சுடோ போடாதீர்கள். அவை உங்கள் கணக்கில் ஓடுகிறவை, ரூட்டாகப் போய்க் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது.