உபயம் எழுதாத கைங்கரியம்

கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்றை வழங்கிவிட்டு, வெளிச்சமே மறையும்படி அதன்மேல் தம் பெயரைத் தீட்டிக்கொள்ளும் தர்மவான்கள் நிறைந்த இந்நாட்டில், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் புகைப்படத்தின் கீழ் நள்ளிரவு வரை கண்விழித்து வசைமாரி பொழிந்துவிட்டு, கீர்த்தியில் அணுவளவும் இச்சையின்றி, சூரியகாந்திப் பூ ஒன்றையே தம் திருமுகமாகக் காட்டி மறைந்துவிடும் இணைய மகானுபாவர்களின் தியாகத்தை என்னென்பது! மொட்டைக் கடிதாசி எழுதிய முன்னோர்க்காவது தபால்தலைச் செலவு இருந்தது. தென்கொரிய அரசு 2007-இல் இத்தகையோரிடம் மெய்ப்பெயர் கேட்டுச் சட்டம் செய்தது. அந்நாட்டு இணையதளங்களில் பதிந்திருந்த சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் 2011-இல் ஒரே திருட்டில் களவுபோயின; 2012-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அச்சட்டத்தையே ரத்து செய்தது. தன்னடக்கத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டோ? ஆயினும் மேற்படி சூரியகாந்தியார் இப்போது மனம் நொந்திருக்கிறார்: அவர் அரும்பாடுபட்டு இயற்றிய வசையொன்றை எவரோ ஒரு ரோஜாப்பூ, ஆசிரியர் பெயரைக் குறிப்பிடாமலே எடுத்தாண்டுவிட்டதாம்.