அவசரப்படாதே மாப்ளே

அவசரம் எதுக்கு மாப்ளே? சம்பா அறுக்க இன்னும் எட்டு நாள் கெடக்கு. உளுந்து மூட்டை திண்ணையிலேயே தூங்கட்டும். அறுப்பு முடியட்டும், வைக்கோல் வீடு சேரட்டும், நெல்லு பணமாகி நீயும் பைக்குல நாலு ஊரு சுத்திட்டு, சாவகாசமா வந்து விதை. அதுக்குள்ள டெல்டா மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். வெடிப்புக்கு ஒரு பிடி உள்ளே போடலாம். எலிக்குப் புண்ணியம்.

எங்கப்பா, அதான் உன் தாத்தா, வெவரம் பத்தாத மனுஷன். கதிரு தலை சாஞ்சு நிக்கும்போதே உள்ள எறங்கி விதைச்சிடுவாரு. காலண்டர் பாக்க மாட்டாரு. வரப்புலேருந்து ஒரு காலை எடுத்து வயல்ல வைப்பாரு. தடத்துல தண்ணி ஊறினா பேசாம திரும்பிடுவாரு. தடம் அச்சு மாதிரி அப்படியே நின்னா மெழுகுப் பதம். அன்னிக்கே ஏக்கருக்கு 10 கிலோ வீசிடுவாரு. தண்ணி நின்னா விதை அழுகும், காஞ்சா முளைக்காது. அப்புறம் உழவும் இல்ல, பாசனமும் இல்ல. மண்ணுல மிச்சம் கெடக்குற ஈரமும் தைப் பனியும் குடிச்சே வளந்துடும். வெயில் மண்ணைத் தொடறதுக்கு முந்தி இலை மூடிக்கும், வேர் முடிச்சுல தழைச்சத்தும் சேரும். ஆடுதுறை 3-ன்னா 70, 75 நாள்ல காயும் வீட்டுக்கு வந்துடும். பாவம், உழவுக்கூலி செலவு பண்ணவே தெரியாத ஆளு.

மிஷின் மிதிச்சிடுமேன்னு கேப்ப. நியாயம்தான். முளைச்சு நிமுந்த உளுந்து மேல செயின் வண்டி ஏறினா போச்சு. அதனால அறுப்புக்கு நெருக்கிப் பதத்தை வச்சுக்க. வண்டிக்காரன் ‘நாளைக்கு’ம்பான், எந்த வாரத்து நாளைக்குன்னு கேட்டு வாங்கிக்க. வயலுக்குள்ள சும்மா சும்மா திருப்ப வேண்டாம்னும் சொல்லு. திருப்புற எடத்துல சேறு பொரண்டு விதை பாதாளம் போயிடும்.

பூ எடுக்கையில லிட்டருக்கு 20 கிராம் டிஏபி, 15 நாள் விட்டு இன்னொரு தடவை. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுத் தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடு. அவசரத்துல கலக்கி ஊத்தினா நாசில் அடைச்சுக்கும். மருந்தடிக்கிறவன் உன் வம்சத்தையே வாழ்த்துவான்.

ரைசோபியம் பொட்டலத்தை வடிகஞ்சியில குழைச்சு விதையில பூசி, நெழல்ல உலத்தணும். கஞ்சி வடிக்கச் சொல்லி உங்க அத்தைகிட்ட சொல்லியாச்சு. போ, மூட்டையை எடுத்துட்டு வா.