சத்தமில்லாத கியர் பாக்ஸ் வாங்கின மாப்பிள்ளைக்கு

நாப்பது வருசத்துப் பழைய டாட்டா 1210 வாங்கியிருக்கீங்க, அதுல கியர் பாக்ஸ் சத்தமே இல்லைன்னு நாமக்கல் முழுக்கச் சொல்லிட்டு வர்றீங்கன்னு கேள்விப்பட்டனுங் மாப்ள. வெகு சந்தோசம். எனக்கு எழுவத்தஞ்சாகுது, படி ஏறுனா முட்டி ரெண்டும் கடகடங்குது. அந்த வண்டிக்கு எந்த வைத்தியருங்க பாத்தாரு? சொன்னீங்கன்னா நானும் ஒருக்கா போயிட்டு வந்துருவேன்.

கோவிச்சுக்காதீங்க. பெரிய மாமனாருன்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்வான்.

பழைய வண்டி விக்கிறவங்களுக்கு ஒரு கைவேலை உண்டுங். பல்லு தேஞ்சு ஊளையிடுற பொட்டியில 140 நம்பர் ஆயிலை ஊத்திப்போட்டா, சூடேறாத வரைக்கும் அது கெட்டியா நின்னு சத்தத்தை அமுக்கிப்போடும். அதுக்கும் அடங்காத பொட்டிக்கு மரத்தூளு. வாழைப்பழத் தோலை உள்ள போட்டு வித்த கதையும் இருக்குது. சீமைக்காரனும் இதையேதான் செஞ்சான், நம்மாளு மட்டும் கெட்டவன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க வண்டி பாக்கப் போனது காலங்காத்தால, ஓட்டிப் பாத்தது பட்டறையில இருந்து டீக்கடை வரைக்கும். அந்த டீக்கும் தரகரே காசு குடுத்தாராம். தங்கமான மனுசன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங், அதுல பாதி ஏறியிருந்தீங்கன்னா ஆயில் சுட்டு எளகி, பொட்டி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கும்.

அதனால, புது ஆயில் வாங்கறதுக்கு முன்னால பழசு என்னன்னு பாக்கோணும். நீங்க வெவரமானவரு, பாக்காமயே வாங்கியாந்துட்டீங்க. குடுங்க அந்த டப்பாவை.

ஜி.எல்.-5. ‘பக்கத்துல 4ம் இருந்துச்சு மாமா, 5 தானே ஒசத்தி’ங்கறீங்க. மளிகைக்கடைக்கு அனுப்புனாலும் இப்பிடித்தான் பெரிய நம்பரா பாத்து வாங்கியாறீங்கன்னு எம்புள்ள சொல்லுச்சு, நான்தான் நம்பல.

சித்த நேரம் கேளுங்க. பல்லு மேல பல்லு அழுந்தறப்ப இரும்பை இரும்பு கடிச்சுறாம இருக்கறதுக்குக் கந்தகமும் பாஸ்பரசும் சேந்த மருந்தை ஆயில்ல கலக்கறாங்க. டப்பாவைத் தொறந்ததும் குப்புன்னு அடிக்குதே ஒரு நாத்தம், அது கந்தகம்தான். ஜி.எல்.-4ல அந்த மருந்து அளவா இருக்கும், 5ல ஏறக்குறைய ரெண்டு பங்கு. அத்தனையும் எதுக்குன்னா, பின்னால இருக்கற ஹைப்பாய்டு கிரவுனுக்கு. அதுல பினியன், கிரவுனோட நடுக்கோட்டுல இருந்து வெலகி உக்காந்திருக்கும். பல்லு உருளறதோட நிக்காது, நீளவாக்குல வழுக்கிக்கிட்டே அழுத்தும். அதுக்கு அந்த மருந்து வேணும். கியர் பாக்ஸுல அத்தனை வழுக்கல் இல்லீங். ஆனா அங்க வேற ஒருத்தன் இருக்கறான், சிங்க்ரோ வளையம். கியர் விழுகறதுக்கு முன்னால ரெண்டு பக்கத்து ஓட்டத்தையும் ஒண்ணாக்கறது அவன் வேலை. பழைய பொட்டிகள்ல அது பெரும்பாலும் பித்தளை. சூட்டுல இந்தக் கந்தகம் செம்பு கலந்த எதையும் அரிக்கும். அரிக்கலைன்னே வெச்சுக்குவோம், வளையம்னா அது உரசிப் புடிக்கோணும், அதைப் போய் வழவழன்னு ஆக்கிப்போட்டா புடிப்பு எங்கிருந்துங்க வரும்? கியர் போடறப்பக் கர்ர்ருங்கும். நீங்க கிளச்சைக் குத்தம் சொல்லுவீங்க, மெக்கானிக் டிரைவரைக் குத்தம் சொல்லுவான், டிரைவர் ரோட்டைக் குத்தம் சொல்லுவான்.

இப்ப வர்ற சில ஜி.எல்.-5ல பித்தளையை அரிக்காத மருந்து போடறாங்க, ரெண்டுக்கும் ஆகும்னு டப்பா மேலயே எழுதியும் விக்கறாங்க. இருக்கட்டும். நாப்பது வருசத்துப் பொட்டிக்கு வளையம் தேடி அலையப்போறது நான் இல்லை, நீங்க. அதனால உங்க இஷ்டமுங்.

என்னைக் கேட்டா, வண்டியோட பழைய புத்தகத்தைத் தேடுங்க. 1954ல டாட்டாக்காரங்க பென்ஸோட கூட்டு சேந்தாங்க, 1969ல அந்தக் கூட்டு முடிஞ்சுது. மூஞ்சியில இருந்த நட்சத்திரம் போச்சே ஒழிய, எந்தப் பொட்டிக்கு எந்த ஆயிலுன்னு எழுதி வெக்கற பழக்கம் போகல. அந்தக் காலத்துப் புத்தகத்துல ஈ.பி. 90ன்னு, அதாவது அழுத்தம் தாங்கற மருந்து கலந்த 90ன்னு போட்டிருந்தா, இன்னைக்குக் கடையில அதுக்குக் கிட்டத்துச் சொந்தம் பெரும்பாலும் ஜி.எல்.-4, 80டபிள்யூ-90. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நாப்பது வருசத்துல பொட்டியைக் கழட்டி வேற வண்டிப் பொட்டியை மாட்டாத ஆளு உண்டா? புத்தகம் வண்டிக்கு எழுதுனது, பொட்டி யாரு வூட்டுதுன்னு அது மேல இருக்கற பட்டையில பாருங்க. சிங்க்ரோவே இல்லாத, டபுள் கிளச்சு அடிச்சு ஓட்டற பழைய பொட்டியா இருந்தாலும், உள்ள செம்பு கலந்த வெண்கல புஷ்ஷு இருக்கலாமுங்.

அப்புறம் இந்த நம்பர் கூத்து. எஞ்சினுக்கு 40, கியர் பாக்ஸுக்கு 90ன்னதும் இது அதை விட ரெண்டு பங்கு கெட்டின்னு டீக்கடையில பேசுனீங்களாமே. ரெண்டும் வேற வேற அளவுகோலுங் மாப்ள. 100 டிகிரி சூட்டுல அளந்தா, 50 நம்பர் எஞ்சின் ஆயில் 16.3ல இருந்து 21.9 சென்டிஸ்டோக் வரைக்கும். பழைய கணக்குல 90 நம்பர் கியர் ஆயில் 13.5ல இருந்து 24 வரைக்கும். எஞ்சின் ஆயில்ல 40ம் 50ம் குடியிருக்கற அதே தெருவுலதான் இதுவும் குடியிருக்குது. 140தான் 24க்கு மேல. 2005ல 110, 190ன்னு ரெண்டு நம்பரைப் புதுசாச் சேத்தாங்க, அதுல அந்த 90 சுருங்கி 18.5க்குள்ள வந்துருச்சு. அந்த 80டபிள்யூ இருக்குதே, அது குளிருக்கான சங்கதி. மைனஸ் 26 டிகிரியில வெச்சுப் பாப்பாங்க. நம்மூருல மார்கழியில அத்தனை குளிரு வந்துச்சுன்னா, வண்டியை நாளைக்குப் பாத்துக்கலாம், முதல்ல என்னை வந்து பாருங்க.

சரி, மாத்தற வேலைக்கு வருவோம். வண்டியை ஒரு சுத்து ஓட்டிச் சூடாக்கிக் கொண்டாந்து, சமதரையில நிறுத்துங்க. சூட்டுலதான் ஆயில் அடியில கெடக்கற தூளையும் இழுத்துக்கிட்டு எறங்கும். கீழ் போல்ட்டுல கையை வெக்காதீங்க! மேல, பக்கவாட்டுல இருக்கற ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டுங்க. எத்தனை பேரு கீழ தொறந்து எல்லாத்தையும் வடிச்சுப்போட்டு, மேல் போல்ட்டு துருவேறி அசையாம, வெறும் பொட்டியோட வண்டியை நிறுத்திக்கிட்டு வானத்தைப் பாத்து நிக்கறாங்க தெரியுமுங்களா? மேலது வந்தாத்தான் கீழது.

வடியறதை ஒரு போசியில புடிங்க. காப்பியில பால் கலந்த நெறத்துல இருந்தா தண்ணி எறங்கியிருக்குது. கீழ் போல்ட்டுல காந்தம் இருந்தா அதுல கருஞ்சாம்பல் பசை ஒட்டியிருக்கும், அது தேய்மானம், கவலை இல்லை. செதில் செதிலா இருந்தா பேரிங். காந்தத்துல ஒட்டாம ஆயில்ல மஞ்சளா மினுமினுன்னு தெரிஞ்சா பித்தளை வளையம். மரத்தூளு வந்துச்சுன்னா பத்திரமா ஒரு பொட்டலத்துல மடிச்சு வெச்சுக்குங்க, தரகரைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாது.

டீசல் ஊத்திக் கழுவறேன்னு கெளம்பாதீங்க. பட்டறையில பல பேரு செய்வாங்க, எனக்கு அது ஒப்பாது. மூலையில தங்கற டீசல் புது ஆயிலைக் கெடுக்கும். செப்பு வாஷரைப் புதுசா மாத்துங்க, கெடைக்கலைன்னா பழசையே செவக்கக் காச்சித் தண்ணியில போட்டா மெதுவாயிரும். மேல மூச்சுக்குழாய் ஒண்ணு இருக்கும், சேறு அடைச்சிருந்தா குத்தி விடுங்க. அடைச்சுக்கிட்டா உள்ள காத்து முட்டி, சீல் வழியா ஆயிலைத் தள்ளும். எத்தனை லிட்டருன்னு என்னைக் கேக்காதீங்க. ஊத்துற ஓட்டையோட கீழ் விளிம்புல வந்து வழியற வரைக்கும், அத்தனைதான். எச்சா ஊத்துனா நொரைக்கும், முன்னால கிளச்சு வரைக்கும் போய் நனைக்கும்.

உங்க ஜி.எல்.-5 வீணாகாது. பின் கிரவுன் ஹைப்பாய்டுதானான்னு பாத்து அங்க ஊத்துங்க. எம்புள்ளைகிட்ட முதல்லயே அதுக்குத்தான் வாங்குனேன்னு சொல்லிருங்க, நானும் ஆமாங்கறேன்.

இன்னொண்ணு. தொப்பூர் எறக்கத்துல டீசல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல விடற கெரகம் புடிச்ச பழக்கம் உங்களுக்கும் இருந்தா, பிரேக்கு கதை அப்புறம், ஆயில் கதையைக் கேளுங்க. கீழ் ஷாஃப்ட்டு சுத்துனாத்தான் ஆயில் மேல தெறிக்கும். அதைச் சுத்தறது எஞ்சின். எஞ்சின் நின்னுபோயி சக்கரம் மட்டும் ஓடுனா, மேல் ஷாஃப்ட்டு எத்தனை ஒசத்தியான ஆயில் அடியில கெடந்தாலும் காஞ்சுதான் சுத்தும். பழுதான வண்டியைக் கயிறு கட்டி வெகுதூரம் இழுக்கறப்ப புரப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டச் சொல்றதும் இதுக்குத்தான்.

புது ஆயில்ல ஒரு நடை ஓட்டிச் சூடேறுனதும் பொட்டி பேச ஆரம்பிக்கும், காது குடுங்க. நியூட்ரல்ல சத்தம் வந்து, கிளச்சை மிதிச்சதும் நின்னா, முன் ஷாஃப்ட்டு பேரிங், இல்லைன்னா கீழ் ஷாஃப்ட்டு. மத்த கியர்ல எல்லாம் முனகி, டாப்புல மட்டும் கம்முனு ஆனா கீழ் ஷாஃப்ட்டு பக்கம்தான். டாப்பு நேர் கியரா இருந்தா அதுல பாரம் கீழ எறங்காம நேராப் போயிரும். ஒத்தைக் கியர்ல மட்டும்னா அந்தக் கியரோட பல்லு. ரிவர்ஸ்ல ஊளையிட்டா மட்டும் பயப்படாதீங்க, அதுக்குப் பெரும்பாலும் நேர்ப்பல்லு, புதுசுலயே அப்பிடித்தான் கத்தும். அதுக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வந்துறாதீங்க.