அன்று லேத், இன்று ஏரிச்சாலை

கால்கள் நன்றாக இருந்த காலத்தில் நான் ஹெசரகட்டா ஏரியைப் பார்த்ததே இல்லை. 1894 முதல் பெங்களூருவுக்குத் தண்ணீர் தந்த ஏரி அது. எங்கள் தொழிற்பேட்டையான பீன்யாவிலிருந்து அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனால் தருமபுரிப் பக்கமிருந்து வந்து லேத் பிடித்த எங்களுக்கு ஷிப்ட், ஓவர்டைம், தூக்கம், மறுபடி ஷிப்ட். வாடகை கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பினால் மாதம் முடிந்துவிடும். இன்று இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த ஏரிச்சாலையின் ஒவ்வொரு மேடும் எனக்கு மனப்பாடம்.

மழைக்கு முன் ஷெட்டின் கூரையைச் சரிசெய்ய ஏறினேன். மக்கிப்போன ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் காலடியில் உடைந்தது. கீழே சிமெண்ட் தரை. முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கியது. உயிரோடு வீடு திரும்பியதே பெரிது என்றார்கள். சுவரோரம் கட்டில் போட்டார்கள். "பத்திரமா உள்ளேயே இருப்பா" என்றார் அம்மா. அந்தப் பத்திரத்தில் அன்பு இருந்தது. ஆனால் அசையாமல் கிடந்ததால்தான் முதுகில் படுக்கைப்புண் வந்தது, தோள் வலுவிழந்தது, பேச்சும் குறைந்தது.

மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் முரளிகாந்த் பெட்கரைப் பற்றிச் சொன்னார். ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு வீரர். 1965 பாகிஸ்தான் போரில் குண்டு பாய்ந்து, முதுகுத்தண்டிலும் காயம். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. இந்த விளையாட்டுகளுக்கே வேர் ஒரு மருத்துவமனைதான் என்றும் சொன்னார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் தண்டுவடத்தில் காயம்பட்ட போர்வீரர்களை வில் பிடிக்க வைத்தார் டாக்டர் லுட்விக் குட்மன். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேருக்குப் போட்டியும் நடத்தினார். அவருக்கு விளையாட்டு சிகிச்சையின் ஒரு பகுதி. நான் கட்டிலில் கிடந்த நாளில் என் தலைமாட்டில் இருந்த மருந்துச் சீட்டில் அது இல்லை.

எனக்கு வாய்த்த விளையாட்டு ஹேண்ட் சைக்கிள். அதை முதலில் பார்த்தபோது என் கண் அதன் வேலைப்பாட்டின் மீதுதான் போனது. மூன்று சக்கரம். பெடல் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. இரண்டு கைகளும் சேர்ந்து சுற்றினால் செயின் வழியாக முன்சக்கரம் ஓடும். ஆக்ஸில், பேரிங், ஹப் எல்லாம் நான் ஆண்டுக்கணக்கில் கடைந்த சாமான்கள். கால்களைப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். மெத்தை சரியாக இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த இரும்பு தொடையில் பட்டால் சுடுவது தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். அதனால் ஓட்டி முடித்ததும் கண்ணாடி வைத்து உடம்பைப் பார்ப்பது வழக்கம். சிறுநீர்க் குழாய் போடும் நேரத்தையும் தள்ளிப்போடக் கூடாது. இவ்வளவு ஒழுங்கும் கைவந்த பிறகு சாலை நம்முடையது.

ஞாயிறு விடியலில் நண்பர் தன் டாடா ஏஸ் வண்டியோடு வந்துவிடுவார். வாரமெல்லாம் பாகங்களை ஏற்றும் வண்டி அது. "ஏறுண்ணா, வெயில் வந்துரும்" என்பார். ஹெசரகட்டாவில் இறக்கிவிட்டதும் புல்வெளிக் காற்று முகத்தில் அடிக்கும். வீல்சேரை ஒருவர் தள்ளும்போது எங்கே திரும்புவது, எங்கே நிற்பது எல்லாம் பின்னாலிருப்பவர் முடிவு. இங்கே வேகமும் திருப்பமும் என் கையில். மேட்டில் மூச்சு வாங்கும், தோள் எரியும். இறக்கத்தில் யாரையும் கேட்காமல் பறக்கலாம். இழந்தவற்றில் நான் அதிகம் ஏங்கியது நடையைவிட இந்த உரிமைக்குத்தான்.

பீன்யாவும் மாறியிருக்கிறது. 2014இல் மெட்ரோ வந்தது. லிஃப்டில் ஏறினால் வீல்சேரோடு நகருக்குள் போகலாம். ஆனால் நிலையத்துக்கு வெளியே உடைந்த நடைபாதை, சாய்தளம் இல்லாத படி, கன்டெய்னர் லாரி. மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டில் இடம் தர வேண்டியது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அது மைதானத்தின் வாசற்படி வரையாவது வந்து சேர வேண்டும். வெளிநாட்டு விளையாட்டு வீல்சேரின் விலையோ லட்சங்களில்.

சென்னை ஐஐடியில் முளைத்த நியோமோஷன் நிறுவனம், வீல்சேரின் முன்னால் பொருத்தி ஓட்டும் மோட்டார் வண்டியை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறது. பீன்யா முதலாளிகளே, குழாய் வளைக்கவும் அலுமினியம் வெல்டிங் செய்யவும் பேரிங் ஹவுசிங் கடையவும் உங்கள் ஷெட்டுகளில் தேர்ந்த கைகள் இருக்கின்றன. விளையாட்டு வீல்சேரும் ஹேண்ட் சைக்கிளும் எங்களால் வாங்க முடிகிற விலையில் இங்கிருந்தே வரட்டும். கூரை ஏறுகிறவருக்குப் பாதுகாப்பு பெல்ட் கொடுங்கள். அதையும் மீறி விழுந்தவர் வீட்டில் இருப்பவர்களே, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அவரை வெளியே அழைத்து வாருங்கள்.