ஆறு கப்பலோடு போருக்குப் போனவர்கள்

கே: இரண்டாம் உலகப் போரில் கனடாக் கடற்படை அப்படி என்ன செய்துவிட்டது? சினிமாவில்கூடக் காணோமே?

ப: பிரிட்டன் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. போதாதா? 1939 செப்டம்பரில் அதனிடம் இருந்த நாசகாரிக் கப்பல்கள் மொத்தம் ஆறு. கனடா போர் அறிவித்த ஆறாம் நாளே ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து முதல் கான்வாய் (காவலோடு கும்பலாகப் போகும் சரக்குக் கப்பல் கூட்டம்) கிளம்பியது. அந்த ஆறில் இரண்டு, செயின்ட் லாரன்ட்டும் சாகனேயும், பிரிட்டிஷ் கப்பல்களோடு காவலுக்குப் போயின. போர் முடிவதற்குள் சிறிதும் பெரிதுமாக 400 கப்பல்களுக்கு மேல் கடலில் இறக்கிவிட்டார்கள்.

கே: கும்பலாகப் போனால் எதிரிக்கு வசதிதானே? தனித்தனியே போய்த் தப்பிக்கலாமே?

ப: தனியாகப் போன கப்பல்கள்தான் அதிகம் மூழ்கின. 1917-லேயே இது தெரிந்துவிட்டது. அட்லாண்டிக்கின் பரப்பில் 40 கப்பல் சேர்ந்து போனாலும் ஒரு புள்ளிதான்; தனித்தனியே விட்டால் 40 புள்ளிகள். இன்னொன்று, கான்வாய் நீள வரிசையாகப் போகாது. பல சிறு வரிசைகள் பக்கம்பக்கமாக, அகலம் அதிகம், நீளம் குறைவு. டார்பிடோ பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான் வரும் என்பதால் இந்த ஏற்பாடு.

கே: கான்வாய்க்குக் காவல் போன ‘கார்வெட்’ எப்படிப்பட்ட கப்பல்?

ப: திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தை எடுத்துப் போருக்குத் திருப்பியது. நீளம் 205 அடி, வேகம் மணிக்கு 16 கடல்மைல். நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியோ 17-ஐத் தாண்டும்! ஆனால் போர்க்கப்பலே கட்டிப் பழகாத சின்னக் கப்பல் கட்டும் தளங்களாலும் இதைக் கட்ட முடிந்தது. அதுதான் அன்றைய தேவை. பிரிட்டிஷார் பூக்களின் பெயரை வைத்தார்கள். கனடியர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். மூஸ் ஜா, ஒரிலியா, ஷம்ப்ளி. பெயர் கொடுத்த ஊர்களில் பெண்கள் கம்பளி உடை பின்னித் தங்கள் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

கம்பளி வீண்போகவில்லை. ஆரம்பகாலக் கார்வெட்டில் மாலுமிகள் தூங்குவது முன்பக்கம், சமையல் பின்பக்கம். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த தளத்தின் வழியே தூக்கி வரவேண்டும். நடுவில் ஓர் அலை வந்தால் பாதி கடலுக்கு, மீதி உப்புக்கரிப்போடு வயிற்றுக்கு. குளிர்காலத்தில் மேலே தெறிக்கும் நீர் கயிற்றிலும் பீரங்கியிலும் அப்படியே உறையும். கோடாலியால் வெட்டி எறிந்துகொண்டே இருக்க வேண்டும்; விட்டால் மேல்பாரம் ஏறிக் கப்பல் கவிழும்.

கே: நீர்மூழ்கியின் கேப்டனே கனடியக் கப்பலுக்குள் குதித்தாராமே, கட்டுக்கதையா?

ப: நடந்த கதை. 1941 செப்டம்பர் 10, இரவு, கிரீன்லாந்து அருகே. ஷம்ப்ளி போட்ட குண்டுகளில் அடிபட்டு யு-501 மேலே வந்தது. மூஸ் ஜா நேரே போய் அதன்மேல் மோதியது. உரசி நின்ற நேரத்தில் ஜெர்மன் கேப்டன் ஃபோர்ஸ்டர் மூஸ் ஜாவின் தளத்துக்குத் தாவிவிட்டார். ஷம்ப்ளியிலிருந்து ஒரு குழு நீர்மூழ்கிக்குள் இறங்கப் போனது. அதற்குள் அது மூழ்க, குழுவில் ஒருவர் திரும்பவில்லை. எஞ்சின் அறைத் தொழிலாளி. கேப்டன் தாவியதைச் சொல்பவர்கள் அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கே: அந்தச் சண்டை எந்தக் கான்வாயைக் காக்க நடந்ததோ, அதில் 16 கப்பல்கள் மூழ்கின. இவர்களைக் காவலர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ப: தாராளமாகச் சொல்வேன். எஸ்.சி.42 என்ற அந்த கான்வாயில் சரக்குக் கப்பல்கள் 60-க்கு மேல். தாக்குதல் தொடங்கியபோது காவலுக்கு இருந்தவை ஒரு நாசகாரி, மூன்று கார்வெட். ஒன்று உயிர் தப்பியவர்களைத் தூக்கப் போனால் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும்.

1942 கடைசியில் இன்னும் மோசம். எஸ்.சி.107-ல் 15 கப்பல்கள், ஓ.என்.எஸ்.154-ல் 14 கப்பல்கள் போயின. பயிற்சி போதாது என்றது பிரிட்டன். 1943 தொடக்கத்தில் கனடியக் குழுக்களை நடு அட்லாண்டிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயிற்சி போதாதுதான். கரைக்கு வந்த மாலுமிக்கு அடுத்த கான்வாய் காத்திருக்க, எப்போது பயில்வது? பிரிட்டிஷ் கப்பல்களில் புது சென்டிமீட்டர் அலை ரேடார் வந்துவிட்டது. கனடியக் கப்பல்கள் பலவற்றில் பழைய ரகம், அலைகளுக்கு நடுவே தலைநீட்டும் நீர்மூழ்கியை அது எளிதில் காட்டாது. மெதுவாக நகரும் கான்வாய்களும் அதிகம் இவர்கள் தலையில்தான் விழுந்தன. கப்பலின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் ஒட்டாவா காட்டிய அவசரத்தைக் கருவி வாங்குவதில் காட்டவில்லை. அந்தக் கணக்கை மாலுமியின் பெயரில் எழுதுவது அநியாயம்.

கே: போர் கனடாவின் வாசலுக்கு வந்ததா?

ப: வாசலைத் தாண்டியே வந்தது. 1942-ல் நீர்மூழ்கிகள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்தன. அங்கே ஆற்றுநீரும் கடல்நீரும் அடுக்கடுக்காகக் கிடப்பதால் ஒலியனுப்பித் தேடும் கருவி ஏமாந்துபோகும். அக்டோபர் 14 விடிவதற்கு முன், அந்த ஆறு கலக்கும் வளைகுடாவின் வாயிலில், நியூஃபவுண்ட்லாந்து போகும் கரிபூ என்ற பயணிகள் கப்பல் டார்பிடோவுக்கு இரையானது. குழந்தைகள் உட்பட 130-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காவலுக்குக் கூட வந்த கிராண்ட்மியர் என்ற கப்பல் முதலில் நீர்மூழ்கியைத்தான் தேடியது, விதி அது. தண்ணீரில் ஆட்கள் தத்தளிப்பது தெரிந்தும் எதிரியைத் தேட வேண்டும். அதன்பிறகுதான் தப்பியவர்களைத் தூக்கினார்கள்.

கே: தளபதிகளில் யாரைச் சொல்வீர்கள்?

ப: லெனார்ட் மரே. 1943 ஏப்ரல் 30 முதல் வடமேற்கு அட்லாண்டிக் அவர் பொறுப்பில். இரண்டு உலகப் போர்களையும் சேர்த்துப் பார்த்தாலும் நேச நாடுகளின் ஒரு போர்முனையையே தன் தலைமையில் நடத்திய கனடியர் அவர் ஒருவர்தான்.

கே: இவர்களுடைய மிகப் பெரிய வெற்றி எது?

ப: எச்.எக்ஸ்.எஸ்.300. 1944 கோடையில் 160-க்கு மேற்பட்ட கப்பல்கள், அந்தப் போரின் ஆகப்பெரிய கான்வாய். காவலுக்கு ஒரு கனடிய ஃப்ரிகேட் ரகப் போர்க்கப்பலும் சில கார்வெட்டுகளும். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. நீர்மூழ்கிகளின் பல் அதற்குள் பிடுங்கப்பட்டிருந்தது உண்மை. பிடுங்கியவர்களில் இவர்களும் உண்டு. செய்தியாக ஒன்றும் நடக்காததால்தான் உங்கள் சினிமாக்காரர்களுக்குத் தெரியவில்லை.

கே: சரக்குக் கப்பல் மாலுமிகளை மறந்துவிட்டீர்களே?

ப: மறந்தது நானல்ல, கனடா அரசு. வெடிமருந்தும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனவர்களில் சுமார் 1,600 கனடியர்களும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களும் இறந்தார்கள். தப்பி வந்தவர்களை முன்னாள் போர் வீரர்களாக அங்கீகரிக்கும் சட்டம் 1992-ல்தான் வந்தது. இருபது வயதில் கப்பலேறியவருக்கு அப்போது எழுபது. பலர் அதைப் பார்க்கவே இல்லை.