அடி வாங்குபவர், ஆற்றுபவர், அவசரப்படுபவர்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் பூசாரியாக இருப்பவனுக்குப் பூசை எதுவும் கிடையாது. கூட இருக்கும் நால்வரின் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு இறங்க இறங்க ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோடு மேலே இருந்தால் அது அவரவர் வீரம். கீழே போனால், "ஹீலர் என்ன பண்றான்?"

2019 ஆகஸ்டில் பிளிசர்ட் நிறுவனம் இந்த விளையாட்டின் பழைய வடிவத்தைத் தூசு தட்டி ‘கிளாசிக்’ என்று மறுபடி திறந்தது. அப்போது என் அக்கா மகன் எனக்கு வாங்கிக்கொடுத்த உத்தியோகம் இது. "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி மாமா. நீங்க ஹீலரா வாங்க, நான் டாங்க்" என்றான். ஹீலராக வர யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை என்ற செய்தி எனக்குப் பிறகுதான் எட்டியது.

அரக்கர்கள் குடியிருக்கும் குகை, கோட்டை மாதிரி இடங்களுக்கு டன்ஜன் என்று பெயர். ஒரு டன்ஜனுக்குள் ஐந்து பேர் போகலாம். அடி வாங்க டாங்க் ஒருவர், ஆற்றிவிட ஹீலர் ஒருவர், மீதி மூவர் டிபிஎஸ், அதாவது அடிப்பதற்கென்றே வந்தவர்கள். எங்களோடு வந்த மூவரும் முகம் தெரியாதவர்கள்: மந்திரவாதி ஒருவர், வேட்டைக்காரர் ஒருவர், கத்தியோடு பதுங்கும் திருடர் ஒருவர். இந்த வேலைப் பிரிவினை ஒன்றும் புதிதல்ல. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டின் காலத்திலேயே இப்படித்தான் கூட்டணி அமைத்தார்கள். அன்றும் ஹீலருக்குத் தட்டுப்பாடு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அரக்கர்களுக்கு மூளை கிடையாது, கணக்கு உண்டு. தன்னோடு மோதும் ஒவ்வொருவர் மேலும் எவ்வளவு கோபம் என்று ஒவ்வோர் அரக்கனும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். ஒரு புள்ளி அடித்தால், பொதுவாக ஒரு புள்ளி கோபம். ஒரு புள்ளி காயத்தை ஆற்றினால் அரைப் புள்ளி கோபம், அதுவும் அந்தச் சண்டையில் இருக்கிற அத்தனை அரக்கர்களுக்கும் பங்கு பிரித்து. யாரையும் தொடவில்லை, ஓரமாக நின்று மருந்து போட்டேன், அதற்கு எல்லோரும் சேர்ந்து என்மேல் கோபித்துக்கொள்கிறார்கள். இந்த விதியை எழுதியவர் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

பட்டியலில் யார் முதலிடமோ அவருக்குத்தான் அடி. அந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான் டாங்க்கின் தொழில். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரின் மனத்தாங்கலை எல்லாம் வாங்கிக்கொள்ள ஒரு பெரியப்பாவை வாசலில் நிறுத்திவைப்பார்கள். அவர் அங்கே திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே பந்தி ஓடிவிடும். டாங்க் அந்தப் பெரியப்பா. அவர் காலூன்றி நின்று அரக்கனை நாலு முறை சீண்டி முடிக்கும்வரை மற்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டும். அவ்வளவுதான் கூட்டுப்போரின் அரிச்சுவடி.

ஆனால் கை கட்டி நிற்பவர் யார்? கிட்ட நின்று அடிப்பவர் டாங்க்கின் கோபக் கணக்கை 10 சதவீதம் தாண்டினால் அரக்கன் அவர் பக்கம் திரும்புவான். எட்ட நின்று அடிப்பவருக்கு 30 சதவீதம் வரை சலுகை. இந்தச் சலுகையை மந்திரவாதிகள் இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். டாங்க் முதல் அடி அடிப்பதற்குள் எங்கள் மந்திரவாதியின் நெருப்புருண்டை போய்ச் சேர்ந்துவிடும். அரக்கன் திரும்பி வருவான். மந்திரவாதி உடுத்தியிருப்பது துணி. அவர் என்னை நோக்கி ஓடிவருவார், அரக்கனையும் அழைத்துக்கொண்டு. ஓடவே கூடாது, டாங்க் நிற்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு விதி ஞாபகம் வருமா?

அடுத்த பாடம், எல்லோரும் ஒருவனையே அடிப்பது. நான்கு அரக்கர்களைப் பாதிப் பாதி அடித்து வைத்தால் நான்கு பேரும் முழுசாகத் திருப்பி அடிப்பார்கள். ஒருவனை ஒழித்தால் அடிப்பவர்கள் மூவராகிறார்கள். இதற்காகத் தலைக்கு மேல் குறி போடும் வசதி இருக்கிறது. மண்டை ஓடு போட்டவனை முதலில் கொல்ல வேண்டும், சிவப்புப் பெருக்கல் குறி போட்டவனை அடுத்து. நிலாக் குறி போட்டவனை மந்திரவாதி ஆடாக மாற்றிவிடுவார். அந்த ஆட்டை யாரும் தொடக்கூடாது. ஒரு சொட்டு அடி பட்டாலும் ஆடு பழையபடி ஆளாகிவிடும். தவிர, ஆடாக இருக்கும் நேரத்தில் அதன் காயமெல்லாம் விறுவிறுவென்று ஆறிவிடும். எனக்கு மானா என்ற மந்திர சக்தியைச் செலவழித்து நடக்கிற காரியம் அதற்கு இலவசமாக நடக்கிறது.

வெஸ்ட்ஃபாலில் உள்ள டெட்மைன்ஸ் சுரங்கத்தில்தான் இதையெல்லாம் பழகினோம். அங்கே டெஃபையஸ் என்ற கொள்ளைக் கும்பல். முதல் குறி, இரண்டாம் குறி எல்லாம் ஒழுங்காகப் போட்டான் அக்கா மகன். ஆடும் சாதுவாக நடைபயின்றது. வேட்டைக்காரர் யோசித்தார். யோசித்து, ஆட்டின் மேல் அம்பு விட்டார்.

"அவன் ஏன்டா ஆட்டை அடிக்கிறான்?" என்றேன் ஹெட்செட்டில்.

"வேட்டைக்காரன் மாமா. மிருகத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது."

அந்தக் கும்பலுக்கு இன்னொரு குணம். சாகப்போகிற நேரத்தில் பயந்து ஓடுவார்கள். ஓடுகிறவன் சும்மா ஓடமாட்டான், பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு திரும்புவான். ஆகவே கடைசிக் கட்டத்தில் காலை வெட்டி வேகத்தைக் குறைப்பது அல்லது ஓடுமுன் முடித்துவிட ஓர் அடியைக் கையிருப்பில் வைத்திருப்பது உத்தமம். துரத்திக்கொண்டு ஓடுவது அதமம். எங்கள் திருடர் துரத்தினார். பிறகு அந்த வழியில் இருந்த எல்லோரும் எங்களைத் துரத்தினார்கள்.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்று மந்திரம் எறியும் எதிரிகள் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார்கள். அவர்களை வரவழைக்க டாங்க் ஒரு முறை சீண்டிவிட்டு ஓடிவந்து சுவர் மூலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஆள் கண்ணுக்குத் தெரியாததால் மந்திரம் எறிய முடியாது. தேடிக்கொண்டு வரிசையாக வந்து மூலை திரும்புவார்கள். ஐந்து பேரும் அங்கேதான் நிற்போம். வீரம் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் நன்றாக வேலை செய்கிறது. எல்லோரும் மூலைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒருவர் மட்டும் வேடிக்கை பார்க்க வெளியே தலை நீட்டினால் எதிரிகள் அங்கேயே நின்று அவருக்கு வேண்டியதைக் கொடுப்பார்கள்.

அவசரக்காரர்களுக்குக் குலதெய்வம் ஒருவர் உண்டு: லீராய் ஜென்கின்ஸ். 2005இல் வந்த ஒரு வீடியோ அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. முட்டைகள் நிறைந்த டிராகன் கூடத்துக்கு முன்னால் ஒரு குழு நின்று திட்டம் தீட்டுகிறது. ஒருவர் பிழைக்கும் வாய்ப்பைத் தசமப் புள்ளி போட்டுக் கணக்கிட்டுச் சொல்கிறார். அதுவரை வாயே திறக்காத லீராய் தன் பெயரைத் தானே முழங்கியபடி உள்ளே பாய்கிறார். எல்லோரும் பின்னால் ஓடி, எல்லோரும் சாகிறார்கள். அது அளவுக்கு மீறித் திட்டம் போடுபவர்களைக் கிண்டல் செய்ய நடித்து எடுத்த வீடியோ என்பது பிறகு தெரிந்தது. பிளிசர்ட் இதற்குச் செய்த மரியாதைதான் விசேஷம். அதே கூடத்தில் 15 நொடிக்குள் 50 டிராகன் குஞ்சுகளைக் கொல்பவருக்கு ‘ஜென்கின்ஸ்’ பட்டம் என்று அறிவித்தது. அவசரத்துக்குப் பட்டம் கொடுத்த அந்த நிறுவனம், பொறுமையாக நின்று மருந்து போட்டவனுக்கு ஒரு சால்வைகூடப் போர்த்தியதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் செத்தால் எல்லோரும் ஆவியாகி, இடுகாட்டிலிருந்து தத்தம் உடலைத் தேடி ஓடிவர வேண்டும். கவசம் 10 சதவீதம் தேய்ந்திருக்கும், ரிப்பேருக்குப் பொற்காசு செலவு. அந்த ஓட்டத்தில்தான் யார் மேல் தப்பு என்ற விசாரணை நடக்கும். மூன்று டிபிஎஸ்காரர்களும் ஒருமனதாகத் தீர்ப்பு வாசிப்பார்கள். என்னை அடித்துக்கொண்டிருந்த அரக்கன் யாருடையவன் என்ற கேள்வி அந்த விசாரணையில் வராது.

என் தீர்ப்பு வேறு. நான் பார்த்தவரை எங்கள் குழு செத்ததற்கெல்லாம் காரணம் எதிரியின் பலம் அல்ல, எங்களில் யாரோ ஒருவருக்கு இரண்டு நொடி பொறுக்க முடியாமல் போனது. அந்த விளையாட்டில் அரக்கனைக் கொல்ல ஏகப்பட்ட மந்திரம் இருக்கிறது, கூட வந்தவரை நிறுத்திவைக்க ஒன்றுகூட இல்லை.

ஆகவே இதைப் படிக்கும் டிபிஎஸ் பெருமக்களுக்கும், அடுத்த அறைக்கு ஓடத் துடிக்கும் டாங்க்குகளுக்கும் (டேய், உன்னையும்தான்) ஒரு வேண்டுகோள். ஹீலர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அது ஓய்வு அல்ல, மானா ஏறிக்கொண்டிருக்கிறது. அது முழுசாக ஏற அரை நிமிடம் போதும். என் பெயருக்குக் கீழே ஒரு நீலக் கோடு இருக்கிறது, கிளம்பும் முன் அதைத் தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள்.